லூசியம்மாள் திருநாளும் டாக்டரின் எழுத்துப் பலகையும்

1

நம்மூர்க் கோயில் மாதப் பத்திரிகையின் ஆசிரியர் சாமியார் சென்ற கப்பலில் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். திசம்பர் பதின்மூன்றாம் தேதி அர்ச்சியசிஷ்ட லூசியம்மாள் திருநாள் வருகிறது, அந்த வேதசாட்சியின் சரித்திரத்தைச் சுருக்கி எழுதி அனுப்பவேண்டும் என்று கேட்டிருந்தார். கடல் கடந்து சைகோனில் குடியிருக்கும் புதுச்சேரிக்காரர்கள் அந்தப் பக்தியை எப்படிக் காப்பாற்றி வருகிறார்கள் என்று இரண்டு பாரா சேர்க்கவும் சொல்லியிருந்தார். இந்த ஊர்க் கடைத்தெருவைப் பற்றியும் மழையைப் பற்றியும் நான் முன்பு எழுதியதை நீங்கள் படித்திருப்பீர்கள். அதெல்லாம் சுலபம். இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும்போதே எனக்கு மனசு அடித்துக்கொண்டது.

இங்கே மழை ஓய்ந்துவிட்டது. சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டுக் காகிதத்தோடு உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் லெயோன் துறைமுக ஆபீசில் எழுத்து வேலை பார்ப்பவர், சாயங்காலம்தான் வருவார். என் தங்கை லூசி வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைக்குட்டை ஓரம் தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் என் மகள் சூசான் கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது. என்னோடு பிரெஞ்சில் பேசுவாள், சமையற்காரியோடு இந்த ஊர் அன்னாமிய பாஷையில் பேசுவாள். தமிழ் அவளுக்குச் சித்தியின் பாஷை. நான் தமிழில் கேட்டாலும் எனக்குப் பிரெஞ்சில்தான் பதில் வரும். பிறந்ததிலிருந்து நான் அவளுக்கு அம்மா இல்லை, 'மமான்'தான்.

ஒவ்வொரு தாண்டலுக்கும் ஒரு எழுத்தாகப் பிரெஞ்சு எழுத்துகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸெத், உய். எம், சே, எஃப். ஓ, ஆஷ், எஸ். நான் முதலில் பள்ளிக்கூடத்துப் பாட்டு என்று நினைத்தேன். பிறகு அடுத்த வரி என்ன என்று என் வாய் தானாகவே முணுமுணுத்தது. அவளும் அதையே சொன்னாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டேன். சித்தி என்றாள். எதற்கு என்றேன். விளையாட்டுக்கு என்றாள். லூசி தலை நிமிரவில்லை. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் டாக்டர் வந்து எல்லாப் பிள்ளைகளின் உடம்பையும் பார்க்கப் போகிறார் என்று ஒரு சீட்டு வந்திருந்தது. அதில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. ஆனாலும் மேற்கொண்டு கேட்கவில்லை, கேட்கப் பயந்தேன்.

2

சரித்திரத்தை முதலில் முடித்துவிடுகிறேன், சாமியார் கேட்டது அதுதான்.

சிசிலித் தீவில் சிராக்கூஸ் என்று ஒரு பட்டணம். ரோமாபுரியை ஆண்ட தியோக்ளேசியன் இராயன் கிறிஸ்தவ வேதக்காரர்களைத் தேடித் தேடிக் கொன்ற காலம். அந்தப் பட்டணத்தில் தகப்பன் இல்லாத பெண் லூசி. தாய்க்குப் பல வருஷமாக இரத்தப்போக்கு. மகள் தாயைக் கூட்டிக்கொண்டு, தனக்கு முன்னே வேதசாட்சியாக இறந்த ஆகத்தம்மாளின் கல்லறைக்குப் போய் வேண்டினாள். தாய் குணமானாள். அந்தச் சந்தோஷத்தில் தாயிடம் லூசி கேட்டது ஒன்றுதான்: எனக்குக் கலியாணம் வேண்டாம், எனக்கென்று வைத்திருப்பதை ஏழைகளுக்குக் கொடுத்துவிடு. தாய் கொடுத்தாள். பெண்ணைக் கட்டிக்கொள்ள இருந்தவனுக்கு ஆத்திரம் வந்தது. இவள் வேதக்காரி என்று அதிகாரியிடம் போய்ச் சொல்லிவிட்டான்.

அதிகாரி அவளைக் கெட்ட வீட்டுக்கு இழுத்துப் போகச் சொன்னான். சேவகர்கள் இழுத்தார்கள், அவள் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. கயிறு கட்டி மாடுகளைப் பூட்டி இழுத்தார்கள். அப்போதும் அசையவில்லை. சுற்றிலும் விறகு அடுக்கித் தீ வைத்தார்கள், தீ பிடிக்கவில்லை. கடைசியில் கழுத்தில் வாளைச் செருகினார்கள்.

கண் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். படத்தில் அவள் கையில் தட்டும் தட்டில் இரண்டு கண்ணும் இருக்குமே. பழைய சரித்திரத்தில் கண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று இங்குள்ள ஒரு சாமியார் எனக்குச் சொன்னார். அது பிற்பாடு சேர்ந்தது, அதுவும் இரண்டு விதமாக. எங்களுக்குத் தையல் சொல்லிக்கொடுத்த கன்னியரை நாங்கள் மஸேர் என்று கூப்பிடுவோம். கொலையாளிகள் கண்ணைப் பிடுங்கினார்கள் என்று மஸேர் சொன்னார். என் அம்மா வேறு மாதிரி சொல்வாள். உன் கண்ணைப் பார்த்ததிலிருந்து எனக்கு உறக்கமில்லை என்று மாப்பிள்ளை சொல்லி அனுப்பினானாம். அப்படியா, இந்தா வைத்துக்கொள் என்று இவளே பிடுங்கித் தட்டில் வைத்து அனுப்பினாளாம். பிறகு ஆண்டவர் வேறு கண் கொடுத்தாராம். கொடுத்தாளா, பிடுங்கினார்களா என்பதில் எனக்குச் சின்ன வயதில் அக்கறை இருந்ததில்லை.

அம்மாவுக்கு இருந்தது. ஒவ்வொரு திசம்பர் பதின்மூன்றாம் தேதியும் வெள்ளித் தகட்டில் செய்த கண்மலர் ஒரு ஜோடி வாங்கிக்கொண்டு விடிகாலைப் பூசைக்குப் போய்ப் பீடத்தில் வைத்துவிட்டு வருவாள். காலையில்தான் போவாள், சாயங்காலப் பிரார்த்தனைக்கு ஒருநாளும் போனதில்லை. முதலியார்பேட்டையில் எங்கள் வீட்டில் விளக்கு வைக்கும் நேரம் வந்தால் அம்மா ஓரிடத்தில் உட்கார்ந்துவிடுவாள். தண்ணீர், தட்டு, குழந்தை எல்லாம் அவளிடம் போகவேண்டும். எழுந்து போகவேண்டியிருந்தால் சுவரில் புறங்கையை வைத்துக்கொண்டே போவாள். பொன்னாங்கண்ணியும் ஆட்டு ஈரலும் எங்கள் வீட்டில் ஆகாத வாரமில்லை. ஆனால் மாலைக்கண் என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பெண் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் அந்தச் சொல் வெளியே போனால் மாப்பிள்ளை உள்ளே வரமாட்டான்.

தங்கை வயிற்றில் இருந்தபோது அம்மா நேர்ந்துகொண்டாளாம், பிறக்கிற பிள்ளைக்குக் கண் நன்றாக இருந்தால் உன் பெயரை வைக்கிறேன் என்று. பகலில் பிறந்தது, விரலை ஆட்டினால் கண் கூடவே வந்தது. உடனே லூசி என்று ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார்கள். பிறந்த குழந்தைக்கு மாலைக்கண் இருக்கிறதா என்று பகலில் எப்படித் தெரியும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

3

நான் கலியாணமாகிச் சைகோனுக்கு வந்த பிறகு அம்மா இறந்துபோனாள். அண்ணன் சவரி கடிதம் எழுதினான்: சாயங்காலம் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டாள் என்று. வழுக்கித்தான் விழுந்தாள் என்று இங்கே துக்கம் கேட்க வந்தவர்களுக்கெல்லாம் நானும் சொன்னேன்.

அதற்கு மூன்று வருஷம் கழித்து லெயோனுக்கு ஆறு மாதம் விடுப்பு கிடைத்தது. புதுச்சேரிக்கு வந்தோம். சூசானுக்கு அப்போது நாலு வயது. லூசிக்கு இருபத்திரண்டு. அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, வெள்ளைக்காரத் தெருவில் மஸேர் நடத்தும் தையல்கூடத்துக்குப் போய் வந்தாள். மேசைத் துணியில் அவள் போட்ட பூவேலையைப் பார்த்தால் பூவை எடுத்து முகரத் தோன்றும். வாயும் அப்படியே. அக்கா, நீ பேசுறது கப்பல்ல வந்த டின் மீன் மாதிரி இருக்குது என்று என் தமிழைக் கிண்டல் செய்தாள். பத்து வருஷத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவள் வேண்டும் என்று அன்றைக்கே ஆசை வந்துவிட்டது. சைகோனில் என் வீட்டில் தமிழ் பேச ஆள் கிடையாது. லெயோன் ஆபீசில் பேசிய பிரெஞ்சையே வீட்டிலும் கழற்றாமல் உட்காருவார். பிள்ளை சமையற்காரியின் மடியில் வளர்ந்தது. லெயோனோடு வேலை பார்க்கும் அந்துவான் என்பவர் மனைவியை இழந்து இரண்டு சின்னப் பிள்ளைகளோடு கஷ்டப்பட்டுக்கொண்டிருந்தார். நம்மூர்க்காரர், குடிக்கமாட்டார். அவர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. லூசியின் படம் ஒன்று எடுத்து அனுப்பினேன். கண்கள் மிகவும் அழகாக இருக்கின்றன என்று அவர் பதில் எழுதினார். அந்தக் கடிதத்தைப் படித்தபோதாவது எனக்குச் சுருக்கென்று இருந்திருக்கவேண்டும்.

ஒரு சாயங்காலம் மீன் வாங்க இரண்டு பேரும் குருசுக்குப்பத்துக்குப் போனோம். படகுகள் கரைக்கு வர நேரமாகிவிட்டது. திரும்பும்போது கடற்கரையில் வெளிச்சம் மங்கியிருந்தது. மணலில் வலைகளை விரித்துக் காயப் போட்டிருந்தார்கள். நான் பேசிக்கொண்டே வந்தேன். பத்தடி வந்த பிறகுதான் கூட ஆள் இல்லை என்று தெரிந்தது. லூசி பின்னால் அசையாமல் நின்றாள். எனக்கு வலையும் கட்டையும் கடல் நுரையும் நன்றாகத் தெரிந்தன. அவள் என்னைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ பேசிக்கினே முன்னால போக்கா. நான் ஒன் சத்தத்துல வந்துடுறேன்" என்றாள்.

நான் பேசிக்கொண்டே நடந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. அவள் என் குரலைப் பிடித்துக்கொண்டு வலைகளுக்கு நடுவே வந்தாள். வீடு வரும்வரை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணனைக் கேட்டேன். அவனுக்குத் தெரிந்திருந்தது. கோரிமேட்டுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன் ஆளும் சீமையில் ஒரு வைத்தியரிடம் மூன்று மாதம் மருந்து வாங்கினானாம், பலனில்லை. பகலிலும் ஓரங்கள் தெரிவதில்லையாம், நேரே வைத்ததுதான் தெரியுமாம். இதை யாரிடமும் சொல்லாதே என்று முடித்தான். அவனுக்கும் பெண்கள் இருக்கிறார்கள்.

4

தெரிந்த பிறகு நான் ஆசையை விட்டிருக்கவேண்டும், விடவில்லை. பகலில் நன்றாகத்தானே இருக்கிறாள், சைகோனில் தெருவுக்குத் தெரு மின்சார விளக்கு இருக்கிறது, பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டாக்டர்கள் இருப்பது உண்மைதான், அவளை நான் கூட்டிக்கொண்டு போனது அதற்காக இல்லை.

லூசி முதலில் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். கலியாணத்தின் மேல் அவளுக்கு வெறுப்பு ஒன்றுமில்லை. கடற்கரையோரமாகத் தையல்கூடத்திலிருந்து நடந்து வந்துகொண்டிருந்தோம், நல்ல பகல் வெயில்.

"என்னெ இங்கியே விட்டுடுக்கா. இந்த ஊரு எனக்குக் காலுக்குத் தெரியும். மஸேர் வாசல்லேர்ந்து வாய்க்கால் பாலத்துக்கு எத்தினி அடி, பாலத்துலேர்ந்து கோயிலுக்கு எத்தினி அடி, எல்லாம் எண்ணி வச்சிருக்கேன். கண்ணே போனாலும் நான் பாட்டுக்கு நடந்துடுவேன்."

நம் ஊர்த் தெருக்கள் நூல் பிடித்தது போல நேராக ஓடும், உங்களுக்குத் தெரியும். அவள் தையல்காரி, துணியில் இழை எண்ணிப் பழகியவள். தெருவையும் அப்படியே எண்ணி வைத்திருந்தாள். இருட்டப் போகிறது என்று தெரிந்து ஒரு பெண் தனக்கு வேண்டியதைத் தயாராக வைத்துக்கொண்டிருந்தாள். அது எனக்கு அன்றைக்குப் பிடிவாதமாகத் தோன்றியது.

"அம்மாவுக்கும் அந்தக் கிணத்தடி காலுக்குத் தெரிஞ்சதுதான்" என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். இரண்டு நாள் கழித்து, அரிசி புடைத்துக்கொண்டே, வர்றேன் என்றாள். சிராக்கூஸ் லூசியை மாடு கட்டி இழுத்தும் நகர்த்த முடியவில்லை. எங்கள் லூசியை நகர்த்த எனக்கு ஒரு வாக்கியம் போதுமானதாக இருந்தது.

பிறகு காகிதங்கள். பிறப்புச் சீட்டுக்கு மேரி என்கிற நகரசபை ஆபீசுக்கு நாலு நடை. முத்திரை ஒரு மேசையில், கையெழுத்து இன்னொரு மேசையில், கையெழுத்துப் போடுகிறவர் மத்தியானத் தூக்கத்தில். நன்னடத்தைச் சீட்டு, அம்மை குத்திய சீட்டு, கலியாணத்துக்கு அண்ணனின் சம்மதம். அந்துவான் தன் ஆபீஸ் மூலமாக அவளுக்குக் கப்பலில் இடம் கேட்டிருந்ததால் உடல்நலச் சீட்டும் வேண்டும் என்றார்கள். அதில் கண்ணுக்கென்று தனியாக ஒரு கட்டம் இருந்தது.

திரும்பிப் போக சூசானுக்கும் அதே சீட்டு வேண்டியிருந்தது. லூசியைக் கூட்டிப் போவதற்கு ஒரு வாரம் முன்னால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அந்த டாக்டரிடம் போனேன். எழுத்துப் பலகை சுவரில் தொங்கியது. வெயில் வராத அறை, பாதிச் சன்னல் சாத்தியிருந்தது. லூசிக்கு அந்த அறையில் பகல் பன்னிரண்டு மணியும் அந்திதான் என்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. நான் ஞானோபதேசத்தை முழுப் புத்தகமாக மனப்பாடம் செய்து பரிசு வாங்கியவள். பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டே வரிசை வரிசையாகப் பலகையை மனதில் ஏற்றிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து எழுத ஒரு துண்டுக் காகிதம் தேடினேன். ஜெபப் புத்தகத்தில் அம்மாவின் லூசியம்மாள் படம் கிடைத்தது, உள்ளங்கை அளவு அட்டைப் படம். அதன் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதினேன். முன்பக்கம் தட்டில் கண், பின்பக்கம் எழுத்துகள்.

ஒரு வாரம் காலையும் மாலையும் சொல்லிக்கொடுத்தேன். டாக்டர் குச்சியால் தொடும்போது சத்தம் கேட்கும், எத்தனையாவது தட்டு என்று எண்ணிக்கொள், மேல் வரிசையிலிருந்து வருகிறாரா கீழிருந்து போகிறாரா என்று நான் இருமிக் காட்டுகிறேன் என்றேன். லூசி ஜெபமாலை சொல்வது போலச் சொல்லிப் பழகினாள். சிரிக்கவே இல்லை.

டாக்டரிடம் போன அன்று ஒரு எழுத்தும் பிசகவில்லை. ஒரே ஒரு தடவை அவர் குச்சியை எடுத்த பிறகும் இவள் அடுத்த எழுத்தைச் சொல்லிவிட்டாள். அவர் அவளைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, குடும்பத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா என்று பிரெஞ்சில் கேட்டார். லூசிக்கும் அந்த அளவு பிரெஞ்சு புரியும்.

இல்லை என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

கப்பல் வெளியே நின்றது. அலையில் ஆடும் படகில் ஏறித்தான் போகவேண்டும். கடலுக்குள் நீளும் கப்பல் பாலத்தின் கோடியில் லூசி ஒரு நிமிஷம் நின்று, குனிந்து பலகையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினாள். எண்ணி வைத்த அடிகள் அங்கே முடிந்துபோயின.

5

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

கலியாணம் இங்கே நல்லபடியாக நடந்தது. அந்துவான் வீட்டு மாடிப்படிகளை முதல் வாரத்திலேயே லூசி எண்ணிவிட்டாள். ஆனால் பிள்ளைகள் இருக்கிற வீட்டில் எதுவும் வைத்த இடத்தில் இருக்காது. முக்காலி இன்று இங்கே, நாளை அங்கே. கை கால் முழுக்கக் காயத்தோடு வருவாள். படியில் இடித்துக்கொண்டேன் என்பாள். நானும் சரி என்று தைலம் தடவி அனுப்புவேன். அடுத்தடுத்த தெருவில் இருந்தோம், வேண்டிய மட்டும் தமிழ் பேசினோம். அதற்குத்தானே கூட்டி வந்தேன்.

கலியாணமாகி எட்டாவது மாதம், விளக்கு போடுவதற்கு முன்னால், அடுப்பிலிருந்து கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டு திரும்பியிருக்கிறாள். சின்னப் பிள்ளை தரையில் உட்கார்ந்து பொம்மையோடு விளையாடிக்கொண்டிருந்தது. கஞ்சி கொட்டிப் பிள்ளையின் முதுகு முழுவதும் வெந்துவிட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டது. அந்தத் தழும்பை நான் ஒவ்வொரு ஞாயிறும் கோயிலில் அதன் சட்டைக் கழுத்துக்கு மேலே பார்க்கிறேன்.

மறுநாள் அந்துவான் லூசியையும் அவள் பெட்டியையும் கொண்டுவந்து எங்கள் வராந்தாவில் விட்டார். கத்தவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? அத மட்டும் சொல்லுங்க" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். லூசி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து இந்த வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மழைக்காலத்துக்குள் பகலும் போய்விட்டது, இப்போது தைப்பதெல்லாம் விரலால் தடவித்தான். ஊருக்கு அனுப்பிவிடட்டுமா என்று ஒரு தடவை கேட்டேன். எண்ணினதெல்லாம் மறந்துபோச்சுக்கா என்றாள்.

ஆசிரியர் சாமியார் கேட்ட இரண்டு பாரா இதுதான். இங்குள்ள நம்மவர்கள் லூசியம்மாள் பக்தியை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்றால், வருஷந்தோறும் நான் வெள்ளிக் கண்மலர் வைக்கிறேன். என்ன கேட்டு வைப்பது என்று தெரியாமல் வைத்துவிட்டு வருகிறேன்.

6

வியாழக்கிழமை அந்தி நேரத்தில் சூசானைக் கூப்பிட்டு, கூடத்து மேசையிலிருந்து என் ஜெபப் புத்தகத்தை எடுத்து வா என்றேன். வழியில் எப்போதும் இல்லாத இடத்தில் ஒரு முக்காலியை வைத்திருந்தேன். தாய் செய்கிற காரியமா என்று கேட்காதீர்கள். அவள் போனாள். சுவரில் புறங்கை வைத்துக்கொண்டு போனாள். யாரும் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத அந்தக் கையை நான் பார்த்தேன். முக்காலியில் முழங்கால் பட்டது. வலித்திருக்கும். சத்தமில்லாமல் தாண்டிப் போய்ப் புத்தகத்தை எடுத்துவந்து கொடுத்தாள்.

புத்தகத்தில் லூசியம்மாள் படம் இல்லை. அவளுடைய பள்ளிப் பையில் இருந்தது. பென்சில் எழுத்து மங்கிப்போய், அதன்மேல் அவள் மசியால் கொட்டை கொட்டையாக எழுதியிருந்தாள். பிரெஞ்சு அரசாங்கத்துக்கு உலகம் முழுக்க ஒரே பலகை என்பதை லூசி சரியாகவே ஊகித்திருந்தாள்.

பிள்ளை உறங்கப் போனதும் லூசியிடம் போய் உட்கார்ந்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். போன மழைக்கு முன்னாலிருந்தே தெரியும் என்றாள். சாயங்காலத்துல நீங்க எப்பிடி சித்தி நடப்பீங்க என்று சூசான் அவளிடம் வந்து கேட்டிருக்கிறாள். கண் சரியில்லாத பெண்களைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று எந்தச் சிநேகிதியோ சொல்லியிருக்கிறாள். அந்தப் பயத்தில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அழுதிருக்கிறாள்.

"எங்கிட்ட ஏன்டீ சொல்லல?"

"சொன்னா என்னாக்கா செய்வ? தெரியாதுன்னு சொல்லுவ."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். கொடுத்தாளா, பிடுங்கினார்களா என்று அம்மாவும் மஸேரும் இரண்டு விதமாகச் சொன்னது அப்போது ஞாபகம் வந்தது. எங்கள் வீட்டைப் பொறுத்தவரை எது என்று எனக்குத் தெரியும். அவள் மடியில் தலையை வைத்து அழுதேன். அவள் என் தலையைத் தடவிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை நானும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். டாக்டர் வயதானவர், பிள்ளைகளிடம் சிரித்துப் பேசினார். சூசான் கோட்டில் நின்று, முதுகை நிமிர்த்தி, எல்லா வரிசையும் சொன்னாள். ஒன்றும் பிசகவில்லை. சித்தியைவிட நன்றாகச் சொன்னாள், குச்சியை எடுத்ததும் நிறுத்திக்கொண்டாள். டாக்டர் மிகவும் நல்லது என்று பேனாவை மசியில் தோய்த்தார். அந்தக் கட்டம் எனக்குத் தெரிந்தது, அதே கட்டம்தான். எழுதுவதற்கு முன்னால் வழக்கத்துக்காகக் கேட்டார், குடும்பத்தில் யாருக்காவது கண் நோய் உண்டா, மதாம்?

சூசான் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லாதே என்று அந்த முகம் கெஞ்சியது. இதை எழுதும்போதும் அந்த முகம்தான் எதிரே நிற்கிறது.

உண்டு என்றேன். என் தாய்க்கு இருந்தது. என் தங்கைக்கு இருந்தது, இப்போது அவளுக்குக் கண்ணே தெரியாது. இவள் பலகையைப் படிக்கவில்லை, மனப்பாடமாகச் சொன்னாள். சைகோனில் பதினைந்து வருஷமாகப் பேசும் பிரெஞ்சு அன்றைக்கு எனக்கு நாலு இடத்தில் தடுக்கியது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். எத்தனை வருஷமாக உங்களுக்குத் தெரியும் என்று கேட்டார். நான் பிறந்ததிலிருந்து என்று சொன்னேன், வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அவர் எழுந்து போய்ச் சன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தினார். கதவையும் சாத்தினார். அறை இருட்டாகிவிடவில்லை. மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக வெளிச்சம் கோடு கோடாக வந்தது. மேசை தெரிந்தது, நாற்காலி தெரிந்தது, மேசைமேல் வைத்த அவர் தொப்பிகூடத் தெரிந்தது. அம்மாவிடம் நடந்து போ குழந்தை என்று பிரெஞ்சில் மெதுவாகச் சொன்னார்.

சூசான் நகரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றாள். இரண்டு கையும் முன்னால் நீண்டன. கண்கள் விரியத் திறந்து என் தோளுக்கு மேலே எதையோ தேடின.

"அம்மா, எங்க இருக்க?" என்றாள், தமிழில்.

நான் மூன்றடி தூரத்தில்தான் நின்றிருந்தேன்.